பல செயலகங்களுக்கு ஒரு மொழி

(பத்தாம் வகுப்பு மாணவி, செல்லூர்)

முன்னுரை

ஊர் கூடித் தேர் இழுத்தால் தேர் நகரும். ஆனால் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தால் ஆயிரம் பேர் கூடினாலும் தேர் அசையாது. எத்தனை கைகள் என்பதைவிட அந்தக் கைகளுக்குள் என்ன உடன்பாடு என்பதே முக்கியம். இந்த உண்மை மனிதர்களுக்கு மட்டுமன்று, கணிப்பொறிகளுக்கும் பொருந்தும். பல செயலகங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து வேலை செய்யும் கணிப்பொறிக்கு எத்தகைய மொழியில் கட்டளை எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருளாகும். கடினமான பொருள்தான். ஆயினும் அன்புத் தோழியரே, எங்கள் செல்லூர்த் தறிகளின் துணைகொண்டு இதனை எளிதில் விளக்கிவிடலாம் என்று நம்புகிறேன்.

இரண்டு சேலைகள் காணாமற்போன கதை

எங்கள் வீட்டில் ஒரு கைத்தறி உண்டு. முதலாளியிடமிருந்து நூல் வாங்கி வந்து, நெய்து முடித்த சேலைகளை அவரிடம் ஒப்படைத்துக் கூலி பெறுவது வழக்கம். ஒப்படைத்த சேலைகளின் மொத்த எண்ணிக்கை அவரிடமுள்ள ஒரு நோட்டில் எழுதப்படும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாதக் கடைசியில் எங்கள் கணக்கில் 2 சேலைகள் குறைந்தன. இரண்டு சேலை என்றால் பல நாள் உழைப்பு. அப்பா கேட்டார்; முதலாளி நோட்டைக் காட்டினார். இரு தரப்பிலும் மனவருத்தம் ஏற்பட்டது. அண்ணன் சேலைகளைக் கொடுக்காமலேயே வந்துவிட்டானோ என்று வீட்டிலும் பேச்சு எழுந்தது. அவன் அன்று இரவு சாப்பிடவில்லை.

பின்னர் நிதானமாக உட்கார்ந்து விசாரித்தபோதுதான் நடந்தது விளங்கியது. குறிப்பிட்ட நாளன்று நோட்டில் 12 என்று இருந்தது. அப்பா 3 சேலைகளைக் கொண்டுபோனார். முதலாளி நோட்டில் 12 என்று பார்த்துக்கொண்டு, சேலைகளை விரித்துப் பார்க்க வெளிச்சத்திற்குப் போனார். அந்த இடைவெளியில் அண்ணன் 2 சேலைகளுடன் வந்தான். முதலாளியின் மகன் நோட்டைப் பார்த்தார்; 12. இரண்டைக் கூட்டி 14 என்று எழுதினார். சற்று நேரத்தில் முதலாளி திரும்பி வந்து, தம் மனத்திலிருந்த 12-உடன் மூன்றைக் கூட்டி அடுத்த வரியில் 15 என்று எழுதிவிட்டார். மேலே இருந்த 14-ஐ அவர் கவனிக்கவில்லை. இருக்க வேண்டியது 17, இருந்தது 15.

கூலி கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்றை நான் மறக்கவில்லை. இதில் பொய் சொன்னவர் ஒருவருமில்லை. கூட்டலில் பிழை செய்தவரும் ஒருவருமில்லை. நேர்மையான இருவர் தத்தம் வேலையைச் சரியாகச் செய்தும், இருவரும் சேர்ந்து ஒரு பொய்க் கணக்கை எழுதிவிட்டனர். பல செயலகங்கள் கொண்ட கணிப்பொறியில் நாள்தோறும் நேரக்கூடிய ஆபத்து இதுவே. இதற்கு அறிஞர்கள் இட்ட பெயர் ‘போட்டி நிலை’ என்பதாகும். யார் முந்துகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறிவிடுவதால் இப்பெயர்.

ஏன் பல செயலகங்கள்?

கணிப்பொறியின் மூளையைச் செயலகம் அல்லது பிராசஸர் என்கிறோம். முன்னெல்லாம் ஒரு கணிப்பொறிக்கு ஒரு செயலகமே இருந்தது. ஆண்டுதோறும் அதன் வேகம் கூடிக்கொண்டே போனது. ஏறத்தாழ 2005-ஆம் ஆண்டளவில் அந்த ஓட்டம் தடைப்பட்டது. வேகத்தை மேலும் கூட்டினால் சிறு சில்லுக்குள் எழும் வெப்பத்தை வெளியேற்ற முடியவில்லை. எனவே பொறியாளர்கள் வேறு வழியை நாடினர். ஒரே குதிரையை இன்னும் விரட்டுவதற்குப் பதிலாகப் பல குதிரைகளைப் பூட்டினர். இன்று நம் வீடுகளிலுள்ள கைப்பேசிகள் பலவற்றில் 8 செயலகங்கள் ஒரே சில்லில் அமைந்துள்ளன.

குதிரைகளைப் பூட்டுவது எளிது, ஓட்டுவதுதான் கடினம். நிரல் எழுதும் மனிதன் ‘முதலில் இதைச் செய், பிறகு அதைச் செய்’ என்று வரிசையாகச் சிந்தித்தே பழகியவன். அவன் பயன்படுத்திய மொழிகளும் அவ்வாறே அமைந்தன. எட்டுப் பேர் ஒரே நோட்டில் எழுதும்போது என்னவாகும் என்ற கேள்வி அம்மொழிகளில் எழவே இல்லை.

பிழையின் விலை

‘இரண்டு சேலைக்காகவா இத்தனை கவலை?’ என்று தோழியர் கேட்கலாம். 1985 முதல் 1987 வரையில் ‘தெராக்-25’ என்ற கதிரியக்கச் சிகிச்சை எந்திரம் அமெரிக்காவிலும் கனடாவிலும் 6 புற்றுநோயாளிகளுக்கு அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களில் சிலர் உயிரிழந்தனர். எந்திரத்தை இயக்குபவர் விரைந்து கட்டளையை மாற்றும்போது, நிரலின் ஒரு பகுதி புதிய கட்டளையையும் மற்றொரு பகுதி பழைய கட்டளையையும் பின்பற்றியது ஒரு காரணமாகும். எங்கள் நோட்டில் நடந்ததும் இதே வகைதான்.

2003 ஆகஸ்டு 14 அன்று அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியிலும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்திலும் சுமார் 5 கோடி மக்கள் மின்சாரமின்றி இருளில் மூழ்கினர். மின்கம்பிகள் மரங்களில் உராய்ந்தது தொடக்கம். அதை உரிய நேரத்தில் அறிவிக்க வேண்டிய எச்சரிக்கை நிரல் ஒரு போட்டி நிலையில் சிக்கி ஊமையாகிப் போனதால் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களுக்கு நிலைமை தெரியவில்லை. இத்தகைய பிழை ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்தாலும் தலைகாட்டாமல் இருந்து, ஆயிரத்தோராவது முறை வெளிப்படும். அதனால் சோதனை செய்து கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

முதல் மருந்து: பூட்டு

எளிய மருந்து ஒன்று உண்டு. நோட்டை எடுத்தவர் எழுதி முடிக்கும்வரை மற்றவர் தொடக் கூடாது. நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1960-களில் இதற்கு ஒரு கருவி அமைத்து, அதற்கு ‘செமஃபோர்’ என்று பெயரிட்டார். செமஃபோர் என்றால் இரயில்வே கைகாட்டி. ஒற்றைத் தண்டவாளப் பாதையில் நிலைய அதிகாரி கொடுக்கும் டோக்கனைப் பெற்ற வண்டியே செல்லலாம் என்ற முறை நம் நாட்டு இரயில்வேயில் நெடுங்காலமாக வழங்கி வந்தது. டோக்கன் ஒன்றே, ஆகவே பாதையில் வண்டியும் ஒன்றே. அதே தத்துவம்தான் இது.

ஆனால் இம்மருந்தில் மூன்று குறைகள் உள்ளன.

முதலாவது மறதி. பூட்ட வேண்டும் என்பதை நிரல் எழுதுபவர் ஒவ்வோர் இடத்திலும் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூறு இடங்களில் பூட்டி ஓர் இடத்தில் மறந்தால் போதும், பிழை நுழைந்துவிடும்.

இரண்டாவது காத்திருப்பு. ஒருவர் பூட்டியிருக்கும்போது ஏழு பேர் வரிசையில் நிற்பார்கள். எட்டுச் செயலகங்கள் வாங்கியும் வேகம் ஒன்றுக்குரியதே.

மூன்றாவது முட்டுக்கட்டை. இதனை விளக்க ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. வட்ட மேசையைச் சுற்றி 5 தத்துவஞானிகள் அமர்ந்திருக்கின்றனர். இருவருக்கு இடையே ஒன்றாக மொத்தம் 5 முள்கரண்டிகள். உண்பதற்கு ஒருவருக்கு இரண்டு கரண்டிகள் தேவை. ஐவரும் ஒரே நேரத்தில் இடப்புறக் கரண்டியை எடுத்துவிட்டால் வலப்புறக் கரண்டி எவருக்கும் கிடைக்காது. யாரும் கீழே வைக்கவும் மாட்டார்கள். சோறு முன்னே இருக்க ஐவரும் பட்டினி!

இதற்கு 1984-இல் அழகிய தீர்வு ஒன்றைக் கூறியவர்கள் நம் நாட்டில் பயின்ற இருவர். கோட்டயத்தில் பிறந்து 1965-இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்ற மணி சாண்டி ஒருவர், கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்ற ஜயதேவ் மிஸ்ரா மற்றவர். உண்டு முடித்த கரண்டி அழுக்குக் கரண்டி. பக்கத்தில் இருப்பவர் கேட்டால் அதைக் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். கழுவிப் பெற்ற சுத்தமான கரண்டியை, பெற்றவர் உண்ணும்வரை வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் கரண்டிகளை வட்டமாகச் சிக்காதபடி பங்கிட்டுவிட்டால், பிறகு முட்டுக்கட்டையும் நேராது, எவரும் பட்டினியும் கிடக்கமாட்டார். உண்டவர் விட்டுக்கொடுக்க வேண்டும், உண்ணாதவருக்கே முதலிடம் என்பது விதி. நம் வீட்டுப் பந்தியிலும் இதுதானே முறை! இவ்விருவரும் 1988-இல் ‘யூனிட்டி’ என்ற நிரலமைப்பு முறையையும் நூலாக வெளியிட்டனர். யூனிட்டி என்றால் ஒற்றுமை.

இரண்டாம் வழி: நோட்டே வேண்டாம், செய்தி போதும்

‘தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு’ என்பது பழமொழி. செயலகங்களுக்கும் இதையே விதியாக்கினால் என்ன? ஒவ்வொருவருக்கும் தனி நோட்டு. ஒருவர் நோட்டை மற்றவர் தொடக் கூடாது. தேவையானதைச் செய்தியாகச் சொல்லி அனுப்பலாம்.

இக்கருத்துக்கு முழு வடிவம் தந்தவர் டோனி ஹோர். ஆங்கிலப் பெற்றோருக்கு 1934-இல் கொழும்பு நகரில் பிறந்தவர் இவர். 1978-இல் இவர் வெளியிட்ட கட்டுரை, தனித்தனியே இயங்கும் செயல்கள் செய்திகளால் மட்டும் இணையும் ஒரு கணித முறையை விளக்கியது. அதை அடிப்படையாகக் கொண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலிருந்த இன்மாஸ் நிறுவனத்தில் டேவிட் மே என்பவர் 1983-இல் ஒரு மொழியை வடிவமைத்தார். அதன் பெயர் ‘ஒக்காம்’.

இப்பெயர் நமக்குப் பழக்கமானதாக இருக்க வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒக்காம் ஊர் வில்லியம், அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் தோற்றுவித்த சபையின் துறவி. தேவையில்லாமல் காரணங்களைப் பெருக்காதே, எளிய விளக்கம் போதுமானால் அதையே கொள் என்ற கொள்கை அவர் பெயரால் வழங்குகிறது. துறவியின் எளிமையே மொழியின் இலட்சியமாயிற்று.

ஒக்காம் மொழியில் இரண்டு சொற்கள் உயிர்நாடி. ஒன்று ‘வரிசை’, மற்றது ‘இணை’. எங்கள் தறி வேலையை அதன் சாயலில் தமிழில் எழுதிப் பார்த்தேன்:

வரிசை
 பாவு நீட்டு
 இணை
  அச்சுப் பிணை
  தார் சுற்று
 நெய்

பாவு நீட்டிய பின்னரே மற்றவை. ஆனால் அப்பா அச்சுப் பிணைக்கும்போதே பாட்டி தார் சுற்றலாம்; ஒருவருக்கொருவர் தடையில்லை. இரண்டும் முடிந்த பிறகே நெசவு. எது முன் பின், எது ஒரே நேரம் என்பது படிக்கும்போதே கண்ணுக்குத் தெரிகிறது.

இணையாக ஓடும் இரு பகுதிகள் பேச வேண்டுமானால் அவற்றுக்கிடையே ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும். செல்லூர்க் கண்மாயிலிருந்து பந்தல்குடி வாய்க்கால் வைகையை நோக்கி ஓடுவதுபோல ஒக்காமின் வாய்க்காலும் ஒரு திசையில் மட்டுமே ஓடும். ஒரு பக்கம் கொடுப்பவர் ஒருவர், மறுபக்கம் வாங்குபவர் ஒருவர். ஒரே ஒரு வேறுபாடு: நம் வாய்க்காலில் தண்ணீர் தேங்கி நிற்கும், ஒக்காமின் வாய்க்காலில் எதுவும் தேங்காது. கொடுப்பவரும் வாங்குபவரும் ஆயத்தமாக இருக்கும்போது மட்டுமே செய்தி கை மாறும். முந்தி வந்தவர் காத்திருப்பார். எனவே கொடுத்ததா இல்லையா என்ற சந்தேகத்திற்கே இடமில்லை.

எல்லாவற்றிலும் சிறந்த அம்சம் வேறொன்று. இணையாக ஓடும் இரு பகுதிகள் ஒரே எண்ணை மாற்ற முயன்றால், கம்பைலர் என்னும் மொழிமாற்றி அந்த நிரலை ஏற்க மறுத்துவிடும். எங்கள் நோட்டில் நடந்த பிழையை ஒக்காமில் எழுதினால் ஓட்டத் தொடங்கும் முன்பே அது பிடிபடும். மனிதனின் ஞாபகத்தை நம்பாமல் மொழியே காவல் நிற்கிறது. மொழி வடிவமைப்பு என்பதன் பெருமையை நான் உணர்ந்த இடம் இதுவே.

ஆயினும் வாய்க்கால் எல்லா நோய்க்கும் மருந்தன்று. ‘நீ முதலில் சொல்’ என்று இருவரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்து நின்றால் அங்கும் முட்டுக்கட்டைதான். அதை எழுதுபவர்தான் சிந்தித்துத் தவிர்க்க வேண்டும்.

பாரதத்தின் பரம்

இன்மாஸ் நிறுவனம் ஒக்காமுக்கென்றே ‘டிரான்ஸ்பியூட்டர்’ என்ற செயலகத்தை உருவாக்கியது. ஒவ்வொரு டிரான்ஸ்பியூட்டருக்கும் சொந்த நினைவகமும், அண்டையில் உள்ளவற்றோடு பேச நான்கு இணைப்புகளும் இருந்தன. நான்கு கைகளையும் கோர்த்துக்கொண்டு எத்தனை வேண்டுமானாலும் சேரலாம்.

இந்தச் சில்லு நம் நாட்டு வரலாற்றில் இடம்பெற்றது. 1980-களில் இந்தியா பெரும் கணிப்பொறிகளை வெளிநாட்டிலிருந்து வாங்க முயன்றபோது அமெரிக்க அரசு பல தடைகளை விதித்தது. பெங்களூரில் தேசிய வானூர்தியியல் ஆய்வகம் 1986-இல் ‘ஃபுளோசால்வர்’ என்ற இணைக் கணிப்பொறியைத் தானே அமைத்துக் காட்டியது. 1988-இல் புனே நகரில் சி-டாக் எனப்படும் உயர்கணிப்பு வளர்ச்சி மையம் தொடங்கப்பட்டது. விஜய் பட்கர் தலைமையில் அது 1991-இல் ‘பரம் 8000’ என்ற மீக்கணிப்பொறியை உருவாக்கியது. அதன் உள்ளே இருந்தவை டிரான்ஸ்பியூட்டர்கள். ஒரே மாபெரும் செயலகத்தை நம்மால் வாங்க இயலாதபோது, சிறு செயலகங்கள் பலவற்றைக் கைகோர்க்க வைத்து வெற்றி கண்டனர் நம் பொறியாளர்கள்.

இங்கே மொழி பற்றிய பாடம் ஒன்றும் உண்டு. டிரான்ஸ்பியூட்டரின் தாய்மொழி ஒக்காம் என்றாலும், விஞ்ஞானிகள் பல்லாண்டுகளாகத் தம் நிரல்களைப் போர்ட்ரானிலும் சி மொழியிலும் எழுதி வைத்திருந்தனர். அவர்களுக்காகவும் சி-டாக் வசதி செய்து தர வேண்டியிருந்தது. மொழி எவ்வளவு சிறந்ததாயினும் மக்கள் கையிலிருக்கும் பழைய வேலையைத் தூக்கி எறியச் சொன்னால் அது பரவுவது கடினம்.

மூன்றாம் வழி: எழுதியதை அழிக்காதே

நோட்டிலுள்ள எண் மாறிக்கொண்டே இருப்பதுதானே தொல்லை? ஒருமுறை எழுதியதை மாற்றவே கூடாது என்று விதித்தால்? இவ்வழியில் சென்றவர் அர்விந்த் என்ற ஒற்றைப் பெயரால் அறியப்பட்ட அறிஞர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நெடுங்காலம் பேராசிரியராக இருந்து 2024-இல் மறைந்தவர். 1978-இல் அவரும் அவர்தம் தோழர்களும் ‘ஐடி’ என்ற மொழியை வெளியிட்டனர். பின்னர் ரிஷியூர் நிகில் அவருடன் சேர்ந்து அதனை வளர்த்தார்.

இம்மொழியில் ‘முதலில் இது, பிறகு அது’ என்று எழுத வேண்டியதில்லை. எந்தக் கணக்குக்கு எவை தேவை என்று மட்டும் எழுதினால் போதும். தேவையானவை வந்து சேர்ந்த கணக்கு உடனே தொடங்கிவிடும். சமையலறையில் அம்மா அப்படித்தான் செய்கிறார். புளி கரைந்ததும் குழம்பு ஏறுகிறது; அரிசி களைந்ததும் உலை ஏறுகிறது. மணி பார்த்து வரிசை போடுவதில்லை. இம்மொழி ஓடுவதற்காக எம்.ஐ.டி.யில் கட்டப்பட்ட கணிப்பொறிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘மான்சூன்’, அதாவது பருவமழை. நம் நாட்டு வானம் அங்கும் எட்டிப் பார்த்திருக்கிறது!

வேகத்தின் இரகசியம்

சரியான விடை மட்டும் போதாது. விரைவான விடையும் வேண்டும். அதற்கு மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளல் நலம்.

முதலாவது, பிரிக்க முடியாத வேலை. 1967-இல் ஜீன் அம்தால் என்ற பொறியாளர் இதைச் சுட்டிக்காட்டினார். ஒரு வேலைக்கு 10 மணி நேரம் ஆகிறது என்று கொள்வோம். அதில் 1 மணி நேர வேலையை ஒருவரே செய்ய வேண்டும்; மற்ற 9 மணி நேர வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். 9 பேர் வந்தால் 1+1, ஆக 2 மணி நேரம். 5 மடங்கு வேகம். 90 பேர் வந்தால் 1 மணி 6 நிமிடம். சுமார் 9 மடங்கு. கோடிப் பேர் வந்தாலும் 10 மடங்கை எட்ட முடியாது. எங்கள் தெருவில் பாவு தயாராகாமல் எத்தனை நெசவாளர் காத்திருந்தும் பயனில்லை அன்றோ!

இரண்டாவது, பகிர்வதன் செலவு. ஒவ்வொரு செயலகமும் அடிக்கடி தேவைப்படும் எண்களைத் தன் மடியிலேயே ஒரு சிறு நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. பலரும் பயன்படுத்தும் ஓர் எண்ணை ஒருவர் மாற்றினால், மற்றவர் மடியிலுள்ள பழைய படியைச் செல்லாததாக்க வேண்டும். இந்தச் செய்திப் போக்குவரத்திலேயே நேரம் கழிந்துவிடும். ஆகவே குறைவாகப் பகிரும் மொழி பாதுகாப்பானது மட்டுமன்று, பல நேரங்களில் வேகமானதும் ஆகும்.

மூன்றாவது, வேலைப் பங்கீடு. வேலையை மிகச் சிறிதாகப் பிரித்தால் பங்கிடுவதற்கே நேரம் போதாது. மிகப் பெரிதாகப் பிரித்தால் சிலர் களைக்கச் சிலர் சும்மா இருப்பர். 1990-களில் எம்.ஐ.டி.யில் உருவான ‘சில்க்’ மொழி இதற்கு ஒரு வழி கண்டது. ஒவ்வொரு செயலகத்திற்கும் ஒரு வேலைக்கூடை. தன் கூடையில் அவரவர் ஒரு முனையிலிருந்து வேலையை எடுப்பர். கூடை காலியானவர், வேறொருவர் கூடையின் மறுமுனையிலிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொள்வார். எதிர் முனைகள் என்பதால் பெரும்பாலும் மோதல் இல்லை. தேடும் சிரமம் சும்மா இருப்பவருக்கே, உழைப்பவருக்குத் தொந்தரவில்லை. இதற்கு ‘வேலைத் திருட்டு’ என்று பெயர். உலகில் பாராட்டத்தக்க திருட்டு இது ஒன்றே எனலாம்!

இன்றைய மொழிகள்

பழைய விதைகள் இன்று மரங்களாகியுள்ளன. சுவீடன் நாட்டு எரிக்சன் நிறுவனத்தில் 1986-இல் தொலைபேசி இணைப்பகங்களுக்காகத் தோன்றிய ‘எர்லாங்’ மொழியில், இலட்சக்கணக்கான சிறு செயல்கள் எதையும் பகிராமல் செய்திகளால் மட்டுமே பேசுகின்றன. ஒன்று விழுந்தால் அதைக் கண்காணிக்கும் மற்றொன்று அதை மீண்டும் எழுப்பும். வாட்ஸ்அப் இம்மொழியைக்கொண்டே 2012-இல் ஒரே கணிப்பொறியில் 20 இலட்சம் இணைப்புகளைத் தாங்கியதாக அறிவித்தது. 2009-இல் கூகுள் வெளியிட்ட ‘கோ’ மொழியில் ஹோரின் வாய்க்கால் மீண்டும் பாய்கிறது. 2015-இல் முதல் பதிப்புப் பெற்ற ‘ரஸ்ட்’ மொழியோ உடைமை முறையைக் கொண்டது. ஒரு பொருளுக்கு உடையவர் ஒருவரே. அதைப் பலர் பார்க்கலாம். அல்லது ஒருவர் மட்டும் மாற்றலாம். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது. மீறி எழுதினால் கம்பைலர் ஏற்காது.

பெண்குலத்திற்குப் பெருமை தரும் ஒரு மொழியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1983-இல் தரப்படுத்தப்பட்ட ‘அடா’ மொழி, ஒருங்கே இயங்கும் பணிகள் சந்தித்துச் செய்தி மாற்றிக்கொள்ளும் முறையைத் தன்னுள்ளேயே கொண்டது. கணிப்பொறி பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அதற்குக் கட்டளை எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரின் நினைவாக அதற்கு அப்பெயர் சூட்டப்பட்டது.

முடிவுரை

விவிலியத்தின் தொடக்க நூலில் பாபேல் கோபுரத்தின் வரலாற்றைப் படிக்கிறோம். அங்கே ஆட்களும் செங்கல்லும் இருந்தும், ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காமற்போனதால் கட்டடம் நின்றுவிட்டது. பல செயலகங்களைச் சேர்த்துக் கட்டும் கணிப்பொறிக்கும் அதே நிலைதான். மொழி சரியாக அமையவில்லையானால் எண்ணிக்கையால் பயனில்லை.

நாம் இதுவரை கண்ட மொழிகளெல்லாம் பல வழிகளில் ஒன்றையே சொல்கின்றன. ‘கவனமாக இரு’ என்று மனிதனிடம் ஆயிரம் முறை கூறுவதைவிட, கவனக்குறைவு நுழைய முடியாதபடி முறையை அமைப்பதே சிறந்தது. தவறு செய்தவர் யார் என்று தேடுவதைவிட, அத்தவறுக்கு இடங்கொடுத்த ஏற்பாடு எது என்று தேடுவதே அறிவுடைமை. அண்ணன் சாப்பிடாமல் படுத்த அந்த இரவில் எங்களுக்கு இது தெரிந்திருந்தால் ஒருவரையொருவர் சந்தேகித்திருக்க மாட்டோம்.

2022-இல் திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் ‘பரம் பொருள்’ என்ற மீக்கணிப்பொறி நிறுவப்பட்டது. நொடிக்கு 838 இலட்சம் கோடி கணக்குகளைச் செய்ய வல்லது; திருக்குறளின் பொருட்பாலை நினைவூட்டும் பெயர் கொண்டது. மதுரைக்கு இவ்வளவு அருகில் அத்தகைய எந்திரம் இருக்கும்போது, அதற்குக் கட்டளையிடும் மொழியை வடிவமைப்பவர் நம் பள்ளி மாணவியருள் ஒருவராக ஏன் இருக்கக் கூடாது? கணக்கையும் இலக்கணத்தையும் ஊன்றிக் கற்போமாக.

எங்கள் முதலாளியின் கடையில் இப்போது முறை மாறிவிட்டது. நோட்டில் எழுதுபவர் ஒருவர் மட்டுமே. மற்றவர் யார் சேலை வாங்கினாலும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுப்பார். அவர் வாங்கிக்கொண்ட பிறகே சீட்டுக் கொடுத்தவர் நகர்வார். ஹோர் என்ற பெயரை அவர்கள் கேட்டதில்லை. ஆனால் அவர் சொன்ன வழியில்தான் நடக்கிறார்கள். அன்று முதல் எங்கள் கணக்கில் ஒரு சேலைகூடக் குறைந்ததில்லை.